யாரைக் கேட்டார்கள்?

சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் நகராட்சியிடமிருந்து எங்கள் வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ரயில் நிலையத்தை ஒட்டிய வாகன நிறுத்துமிடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், அதில் ஒரு பகுதி வீடுகள் குறைந்த வாடகைக்கு ஒதுக்கப்படும், பொதுமக்கள் தங்கள் கருத்தை நகரமன்றக் கூட்டத்தில் தெரிவிக்கலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. நான் வசிப்பது சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூர். அந்த ஒரு அட்டை ஊரை இரண்டாக்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமையே எங்கள் தெருவில் வசிக்கும் தமிழ் நண்பர் ஒருவர் எதிர்ப்பு மனுவோடு வந்தார். மதுரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் இடமில்லை, காலையில் பெரிய சாலையைக் கடக்கவே பத்து நிமிடம் ஆகிறது, வீட்டு விலை இறங்கினால் வங்கிக் கடன் இறங்குமா என்றார். எதுவும் பொய்யில்லை. நான் அவருடைய கார் பானெட்டின் மீதே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"கூட்டத்துல நீங்க பேசுங்க தம்பி. ரெண்டு நிமிஷம்தான். வீட்டு வரி கட்டுறவங்க நாம, நம்ம கருத்தைத்தானே கேக்குறாங்க" என்றார்.

"சரிண்ணே" என்றேன்.

அந்த இரண்டு நிமிட உரையை எழுத உட்கார்ந்தபோது, வீடு வாங்கிய சமயத்தில் தந்த ஆவணக் கட்டை எடுத்தேன். மனை எண்ணையும் வாங்கிய ஆண்டையும் சரிபார்ப்பதுதான் நோக்கம். அப்போது அதைப் படிக்காமலே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதன் நடுவே 1941ஆம் ஆண்டின் பத்திர நகல் ஒன்று இருந்தது. வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம், கோழி வளர்க்கலாமா என்ற விதிகளுக்குக் கீழே, வெள்ளை இனத்தவர் தவிர வேறு எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி. ஒரே ஒரு விலக்கு: அந்த வீட்டில் வேலைசெய்யும் பணியாட்கள் தங்கலாம்.

இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வரிக்கு இன்று எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் இதே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யார் இந்த ஊருக்கு வரலாம் என்பது பற்றி நான் உரை எழுதிக்கொண்டிருந்தேன். அன்றிரவு உரையை நிறுத்திவிட்டு, இந்த மாநிலம் தன் மக்களிடம் கருத்துக் கேட்ட வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

*

கலிஃபோர்னியாவில் மக்களை நேரடியாகக் கேட்கும் வழக்கம் வந்ததற்கு ஒரு ரயில் கம்பெனி பெரிய காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் பிடியில் மாநில அரசியல் இருந்தது. சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி மாநாடுகளும் அதன் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தன. அந்தக் கம்பெனியை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று சொல்லி 1910இல் ஆளுநர் தேர்தலில் வென்றவர் ஹைரம் ஜான்சன். அடுத்த ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி நடந்த சிறப்பு வாக்கெடுப்பில் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. போதிய கையெழுத்துகள் திரட்டினால் மக்களே சட்டம் முன்மொழியலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கலாம். சுவிட்சர்லாந்தில் தோன்றி, 1902இல் பக்கத்து மாநிலமான ஒரிகனுக்கு வந்த முறை இது. சட்டமன்றத்தை விலைக்கு வாங்கலாம், மக்கள் எல்லோரையும் வாங்க முடியாது என்பது அதன் அடிப்படை. நல்ல நோக்கம்தான்.

அதே நாளில் இன்னொரு கேள்வியும் வாக்குக்கு வந்தது: பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா? தரலாம் என்ற பக்கம் சுமார் 3,600 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. மாநிலம் முழுவதும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வாக்களித்த கேள்வி அது. அத்தனை பேரும் ஆண்கள். பெண்களின் உரிமையைப் பற்றிப் பெண்கள் ஒருவரைக்கூடக் கேட்காமல் எடுத்த கருத்துக்கேட்பு அது. நூலிழையில் நல்லபடியாக முடிந்தது, அவ்வளவுதான்.

*

எல்லா முறையும் அப்படி முடியவில்லை. குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் ஜப்பானியர் என்ற சொல் இல்லை. ஆனால் ஆசியர்கள் குடியுரிமை பெற முடியாது என்ற நிலை அன்று இருந்ததால், யாரைச் சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜப்பானிய விவசாயிகள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். இங்கேயே பிறந்து குடியுரிமை பெற்ற தங்கள் குழந்தைகளின் பெயரில் வாங்கினார்கள். அந்த வழிகளையும் அடைப்பதற்கான திட்டம் 1920இல் மக்கள் முன் வைக்கப்பட்டது. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தார்கள். அன்றைய கலிஃபோர்னியாவில் ஜப்பானியர் நூற்றுக்கு இரண்டு பேர். ஜப்பானில் பிறந்து வந்து, அந்த நிலத்தை உழுதுகொண்டிருந்தவர்களுக்கு வாக்கு இல்லை.

இந்தியர்களும் இந்த வளையத்துக்குள் வந்தார்கள். இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் காய்கறியும் விளைவித்துக்கொண்டிருந்த பஞ்சாபியர்களின் கைக்கு நிலம் எட்டாமல் போனது. 1920இல் மக்கள் சொன்ன பதில் மூன்று ஆண்டுகள் கழித்து அவர்கள் மேலும் விழுந்தது.

எங்கள் ரயில் நிலையக் கட்டடத்துக்கு இன்னும் நெருக்கமான கதை 1950இல் நடந்தது. ஏழைகளுக்கு அரசு வீடு கட்டித்தர மத்திய அரசு 1949இல் பெரும் நிதி ஒதுக்கியது. மாநிலத்தின் வடகோடியில் உள்ள யுரேகா என்ற ஊரில் அத்தகைய திட்டம் ஒன்றை எதிர்த்தவர்கள், அதை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்றார்கள். முடியாது, அது நிர்வாக முடிவு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே அரசியல் சட்டத்தையே மாற்றும் திட்டம் வாக்குச்சீட்டில் ஏறி, மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றது. அதுதான் இன்றும் கலிஃபோர்னியா அரசியல் சட்டத்தில் இருக்கும் 34ஆவது பிரிவு. பொதுப் பணத்தில் குறைந்த வாடகை வீடு கட்டுவதென்றால், முதலில் அந்த ஊர் வாக்காளர்களின் சம்மதம் வேண்டும். நெடுஞ்சாலைக்கோ மாளிகைகளுக்கோ இப்படி ஒரு நிபந்தனையை அது வைக்கவில்லை. ஏழைகளின் வீட்டுக்கு மட்டும் ஊரைக் கேட்க வேண்டும்.

சான் ஹோசே நகரத்து ஏழைக் குடும்பங்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1971இல் தோற்றார்கள். மக்களின் வாக்கைக் கேட்பது ஜனநாயகத்தின் மீதான பற்றைக் காட்டுகிறதே தவிர, பாகுபாட்டை அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். ஏழைகளை மட்டும் தனியாகப் பிரித்துச் சுமை ஏற்றும் விதி இது என்று மாறுபட்டு எழுதியவர் தர்குட் மார்ஷல்.

இடையில் 1964. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டத்தை அதற்கு முந்தைய ஆண்டு கொண்டுவந்தவர் பைரன் ரம்ஃபோர்ட். பெர்க்லியில் மருந்துக்கடை நடத்திய கறுப்பினத்தவர், சட்டமன்ற உறுப்பினர். அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்க, மாநில வீட்டுமனைத் தரகர்களின் சங்கம் 14ஆம் எண் திட்டத்தை முன்னெடுத்தது. தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கவோ மறுக்கவோ ஒருவருக்கு முழு உரிமை உண்டு என்பது அதன் சாரம். இனம் என்ற சொல்லே அதில் கிடையாது. கேள்வியை இப்படிக் கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நூற்றுக்கு 65 பேர் ஆதரித்தார்கள். அதே நாளில் அதே வாக்காளர்கள், அந்த ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சனையும் பெரும் வித்தியாசத்தில் ஆதரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கெட்டவர்கள் போட்ட வாக்கு என்று எளிதாக ஒதுக்க முடியாது. 1967இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்றது. அந்த ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பான்மையின் கருத்தே நிலைத்திருக்கும்.

*

இத்தோடு நிறுத்தினால், மக்களைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்வதாக ஆகும். அது என் முடிவில்லை.

தலீப் சிங் சவுந்த் 1920இல் பஞ்சாபிலிருந்து பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தார். மேற்படிப்புக்காக விமானம் ஏறி வந்த என்னைப் போன்றவர்களுக்கு அவரிடமிருந்து தொடங்கும் ஒரு வரிசை உண்டு. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 1946இல் வந்தது. 1949இல் அவர் குடிமகனானார். 1952இல் வந்த இன்னொரு சட்டம் ஜப்பானியர்களுக்கும் அந்த வாசலைத் திறந்தது. அதே ஆண்டு, ஆசியர்களின் நிலவுரிமையைப் பறித்த சட்டம் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1956 நவம்பர் வாக்குச்சீட்டில், அந்தச் சட்டத்தை ஏட்டிலிருந்தே நீக்கலாமா என்று மாநிலத்தைக் கேட்டார்கள். நீக்கலாம் என்றது பெரும்பான்மை. 1920இல் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்த அதே சட்டம். அதே நாளில், சவுந்த் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு நுழைந்த முதல் ஆசிய அமெரிக்கர் அவர்.

இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையில் முப்பத்தாறு ஆண்டுகள், ஒரு பெரும் போர், பல வழக்குகள் எல்லாம் உண்டு. ஆனால் என் கண்ணில் படுவது ஒன்று: 1920இல் யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவர்கள் கேட்கப்பட்டவர்களில் இல்லை. 1956இல் அவர்களில் பலர் இருந்தார்கள்.

*

என் தொழிலில் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்யும்போது, என்ன வேண்டும் என்று பயனர்களைக் கூட்டிக் கேட்போம். கூட்டத்துக்கு வருபவர்கள் மேலாளர்கள். இரவுப் பணியில் அந்தத் திரையை உண்மையிலேயே தட்டப்போகிறவர்கள் வருவதில்லை. எல்லோரையும் கேட்டுவிட்டோம் என்று ஆவணத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். ஆறு மாதம் கழித்துத்தான் யாரைக் கேட்கவில்லை என்பது தெரியும்.

நகரமன்றக் கூட்டங்கள் திறந்த கதவுக்குள் நடக்க வேண்டும் என்ற கலிஃபோர்னியச் சட்டம் 1953இல் வந்தது. கொண்டுவந்தவர் மொடெஸ்டோவைச் சேர்ந்த ரால்ஃப் பிரவுன், அதனால் அது பிரவுன் சட்டம். நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும், வருகிற எவரும் பேச இடம் தர வேண்டும் என்பவையெல்லாம் இன்று அதில் அடக்கம். நான் வேலைசெய்யும் அலுவலகத்தை இரவில் சுத்தம் செய்யும் பெண்மணியும் அந்த மொடெஸ்டோவிலிருந்துதான் வருகிறார். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இங்கே வாடகை கட்ட முடியாது என்று ஒருமுறை சொன்னார். எங்கள் நகரமன்றம் மாலை ஏழு மணிக்குக் கூடுகிறது. அவருக்கு வேலை தொடங்கும் நேரமும் அதுதான். தவிர, அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. அவருக்கு அஞ்சலட்டை வராது.

கூட்டத்தன்று பேசப் பெயர் கொடுத்தவர்கள் நாற்பதுக்கும் மேல். பெரும்பாலும் என்னைப் போலச் சொந்த வீட்டுக்காரர்கள். என் முறை வந்தபோது, எதிர்ப்பு மனுவில் என் கையெழுத்து இருக்கிறது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். 1941ஆம் ஆண்டுப் பத்திரத்தின் அந்த வரியை வாசித்தேன். போக்குவரத்து நெரிசலும் பள்ளிக்கூட இடமும் உண்மையான பிரச்சினைகள், அவற்றுக்கு வழி கேளுங்கள், ஆனால் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கப்போகிறவர்கள் ஒருவர்கூட இந்த அறையில் இல்லை என்பதை மறந்து எண்ணாதீர்கள் என்றேன். மணி அடித்துவிட்டது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதை எழுதும்வரை முடிவாகவில்லை.

வெளியே வந்தபோது மதுரை அண்ணன் காத்திருந்தார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அதில் நியாயம் இருந்தது. அவரைக் கேட்காமல்தான் நான் மாறியிருந்தேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், பத்திர நகலை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அவருடைய வீடும் என் வீடு கட்டிய காலத்தில் கட்டியதுதான்.

"என்னோட பத்திரத்தையும் எடுத்துப் பாக்கணும்" என்றார்.