உடைகலமும் கரையறமும்: மணிமேகலை காட்டும் இயற்கைப் போராட்டம்

முன்னுரை

கப்பல் உடைந்து கரையொதுங்கிய மனிதன் இயற்கையொடு போராடி உயிர்பிழைக்கும் கதை என்றவுடன், டேனியல் டெஃபோ 1719இல் வெளியிட்ட ‘இராபின்சன் குரூசோ’ புதினமே பலருக்கும் நினைவுக்கு வரும். தென்பசிபிக் தீவொன்றில் 1704 முதல் 1709 வரை தனித்து வாழ்ந்த அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் மாலுமியின் பட்டறிவு இப்புதினத்திற்குத் தூண்டுதலாக அமைந்தது என்பர். ஆயின், இப்பாடுபொருள் தமிழுக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்து வழங்கிய மணிமேகலை, கடற்பயணத்தில் தனித்துவிடப்பட்ட இருவரை விரிவாகக் காட்டுகிறது. ஒருவன் சாதுவன், மற்றவன் ஆபுத்திரன். கையில் ஏதுமின்றி, மனிதரைத் தின்போரிடையே ஒதுங்கிய சாதுவன் உயிர்பிழைத்தான். எடுக்கக் குறையாத அமுதசுரபியோடு, பகைவர் எவருமில்லாத தீவில் இறங்கிய ஆபுத்திரன் உயிர்துறந்தான். இம்முரணுக்குக் காரணம் காண்பதும், அதனைப் பண்டைக் கரையோர ஆட்சி வழக்கங்களொடு பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாதுவன்: மொழியால் பிழைத்தவன்

ஆதிரையின் கணவனாகிய சாதுவன், கணிகையிடத்தும் சூதிலும் பொருளிழந்து, வாணிகரோடு கலமேறுகிறான். நள்ளிரவில் காற்றால் கலம் சிதைகிறது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி மிதந்து, நாகர் வாழும் மலைப்பகுதியின் கரையை அடைந்து, களைத்து மரநிழலில் உறங்குகிறான். இந்நிலத்தைச் சோழர் கல்வெட்டு சுட்டும் நக்கவாரத்தோடு, அதாவது நிக்கோபார்த் தீவுகளோடு, இணைத்துக் காண்போரும் உளர்.

கடலொடு நிகழ்ந்த போராட்டத்தைச் சாத்தனார் சில அடிகளில் முடித்துவிடுகிறார் என்பது கருதத்தக்கது. அவர் விரித்துரைப்பது கரையில் நிகழ்வதையே. உறங்குபவனைக் கண்ட நாகர் அவனுடலை உணவாகவே காண்கின்றனர். விழித்த சாதுவன் அவர்தம் மொழியிலேயே பேசுகிறான். அம்மொழியை அவன் ஐயமறக் கற்றிருந்தமையால் அவர்கள் தீங்கு செய்யாது விலகினர் எனக் காப்பியம் காரணத்தையும் கூறுகிறது. ஆகவே, அவனைக் கடலிலிருந்து காத்தது ஒடிந்த மரம். கரையில் காத்தது மொழி.

தலைவனிடம் அழைத்துச் செல்லப்பட்ட சாதுவன், அவன் அளித்த கள், ஊன், மகளிர் ஆகியவற்றை மறுக்கிறான். இருவருக்குமிடையே உயிர், வினை, மறுபிறப்பு ஆகியன பற்றி உரையாடல் நிகழ்கிறது. முடிவில் நாகர் தலைவன் தங்களால் கடைப்பிடிக்க இயலும் அறத்தைக் கூறுமாறு வேண்டுகிறான். சாதுவன் கூறும் அறம் இரண்டே: கலம் உடைந்து கரைசேர்வோரைக் கொல்லாது காத்தல், மூத்து இறந்த விலங்குகளை அல்லாமல் பிற உயிர்களைக் கொல்லாமை. கரைசேர்ந்தவனே பிறகு கரைசேர்வோருக்கான காப்பை வேண்டிப் பெறுகிறான். நாகர், முன்னர்க் கப்பல் மக்களிடமிருந்து கவர்ந்த சந்தனம், அகில், ஆடை முதலியவற்றை அவனுக்கு அளிக்கின்றனர். அவன் அவற்றை ஏற்றுச் சந்திரதத்தன் என்னும் வாணிகனின் கலத்தில் ஊர் திரும்புகிறான். அப்பொருள்களுக்கு உரியோரைத் தாங்கள் உண்டுவிட்டதாக நாகர் தலைவனே கூறுவதாகக் காப்பியம் காட்டுகிறது.

ஆபுத்திரன்: உண்பாரின்றி இறந்தவன்

சாவக நாட்டின் பசித்துயர் கேட்டுக் கலமேறிய ஆபுத்திரன், வழியில் மணிபல்லவத்தில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டதாகக் கருதி இரவில் கலம் புறப்பட்டுவிடுகிறது. மணிபல்லவத்தில் மணலும் பொய்கையும் புன்னையும் உண்டு, மக்கள் இல்லை. பல்லுயிரைக் காக்கும் பாத்திரத்தைத் தன்னுயிர் ஒன்றைக் காக்க வைத்துக்கொள்வதை ஆபுத்திரன் விரும்பவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். இயற்கை அவனை வெல்லவில்லை. தனிமையில் உண்டு வாழ்தலை அவனே மறுத்தான்.

இக்கதையின் எஞ்சிய பகுதி பின்னர் வருகிறது. மறுபிறப்பில் சாவக மன்னனாகிய ஆபுத்திரன் அத்தீவுக்கு வந்து தன் பழைய எலும்புகளைக் காண்கிறான். அவற்றின் அருகே வேறு எலும்புகளும் உள்ளன. அவை, அவனை விட்டுச் சென்ற பிழையுணர்ந்து திரும்பிவந்து, அவன் இறந்தமை அறிந்து தாமும் உயிர்விட்ட ஒன்பது செட்டிகளின் எலும்புகள். கைவிடப்பட்டவனின் துயரம் கைவிட்டோர் மீதும் கடனாக விழுகிறது என்பதைச் சாத்தனார் இங்குக் காட்டுகிறார்.

குரூசோவொடு ஒப்பீடு

குரூசோ உடைந்த கப்பலிலிருந்து துப்பாக்கி, கோடரி, தானியம் முதலியவற்றைக் கொணர்ந்து, வேலியிட்டு, உழுது, ஆடு வளர்த்து, மட்கலம் வனைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் தீவில் வாழ்கிறான். உழைப்பின் இந்நுணுக்கமான சித்திரிப்பு மணிமேகலையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், மனித உறவில் நிலை மாறுகிறது. குரூசோ வெள்ளி என்னும் பொருளில் ஃபிரைடே எனப் பெயரிட்டவனுக்குத் தன் மொழியைக் கற்பித்துத் தன்னை ஆண்டான் என அழைக்கச் செய்கிறான். சாதுவனோ நாகர் மொழியைத் தானே பேசுகிறான். நாகரைத் தாழ்வாகக் காணும் நகரத்து நோக்கு மணிமேகலையிலும் உண்டு. எனினும் நாகர் தலைவன் எதிர்வினா எழுப்புவோனாகவே படைக்கப்பட்டுள்ளான்.

வரலாற்றில் கரையறம்

கரையே இரண்டாம் இடர் என்பது கற்பனையன்று. காற்றால் அலைக்கப்பட்டு வந்த கலத்தை நாவாய்த் தலைவன் தந்தை போல் காக்க வேண்டும் என்றும், நீரால் நனைந்த சரக்குக்குச் சுங்கத்தை நீக்கவோ பாதியாக்கவோ வேண்டும் என்றும் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. காகதீய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கடற்கரையில் 1244-45இல் பொறித்த மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு, முந்தைய அரசர்கள் புயலால் ஒதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் பறித்துவந்தனர் என வெளிப்படையாகவே கூறுகிறது. உயிரினும் பொருளைப் பெரிதெனக் கருதிக் கடலோடுவோர்க்கு இரங்கி, குறித்த சுங்கம் தவிர எதுவும் கொள்வதில்லை என அம்மன்னன் அபயம் அளிக்கிறான். நாகர் கவர்ந்துவைத்த பொருட்குவியலையும் சாதுவன் வேண்டிய அறத்தையும் இக்கல்வெட்டின் துணைகொண்டு படிக்கும்போது, காப்பியக் காட்சியின் வரலாற்று அடிப்படை புலப்படுகிறது.

கடலச்சம் கரையோடு நின்றதுமில்லை. புணேயை அடுத்த ஹிஞ்சேவாடி இன்று தமிழர் பலரும் பணிபுரியும் தகவல் தொழில்நுட்ப மையம். அதற்கு மேற்கே, கொங்கணத் துறைகளையும் தக்காணத்தையும் இணைத்த பழைய மலைவழியில், கார்லா, பாஜா பௌத்தக் குடைவரைகள் உள்ளன. கார்லாக் கல்வெட்டுகள் யவனர் கொடையைக் குறிக்கின்றன. அதே மராட்டிய நிலத்தில், அஜந்தா 17ஆம் குகை ஓவியம் கலம் உடைந்த வணிகரின் கதையைக் கூறுகிறது. ஔரங்காபாத் 7ஆம் குகைச் சிற்பம் அவலோகிதர் காக்கும் எண்பேரிடர்களுள் கலமுடைதலையும் காட்டுகிறது. மராட்டக் கம்மியரை அறிந்திருந்த மணிமேகலைக்கு இப்பௌத்த வணிக உலகம் அயலானதன்று.

நிறைவுரை

மணிமேகலையில் மனிதன் இயற்கையை வென்று அதற்கு உரிமையாளன் ஆவதில்லை. கடல் ஒதுக்கியவனைக் கரை ஏற்பதிலேயே அவன் வாழ்வும் சாவும் அமைகின்றன. ஏற்கச் செய்யும் மொழி இருந்ததால் சாதுவன் பிழைத்தான்; ஏற்பாரே இல்லாததால் ஆபுத்திரன் இறந்தான். கடலில் இடருற்றோரைக் காத்தல் கடமை என ஐக்கிய நாடுகளின் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை வகுத்துள்ளது. அக்கடமையை நாகர் கரையில் நின்று கேட்டுப் பெற்றவனாகச் சாதுவனைக் காணும்போது, ஆதிரையின் கற்பை விளக்கும் கிளைக்கதையாக மட்டுமே பெரிதும் படிக்கப்பட்டுவந்த அப்பகுதி, தமிழ்க் கடல் வரலாற்றுக்கும் உரிய சான்றாகிறது.