நந்தனாக நின்ற சுந்தராம்பாள்

கே.பி. சுந்தராம்பாள் என்றால் அதிராம்பட்டினம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஔவையார்தான் நினைவுக்கு வருவார். நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சேலை, கணீரென்ற குரல். அவர் நந்தனாகவும் நடித்தவர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

1908-ல் கொடுமுடியில் வறுமையில் பிறந்தவர். சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு பாடிப் புகழ்பெற்றார், அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது 25. அதன்பின் ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக ஆண்வேடம் ஏற்றார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர்.

இந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில்தான் வருகிறார். சிதம்பரம் போக நந்தன் பண்ணையாரிடம் உத்தரவு கேட்டு நிற்பது நம் டெல்டாவின் பண்ணையாள் வாழ்க்கைதான். ஆனால் இரண்டு கதைகளிலும் முடிவு ஒன்றே: தீயில் இறங்கிய பிறகுதான் நந்தனுக்குக் கோயிலுக்குள் இடம்.

திரையில் நந்தனுக்காக மக்கள் கண்ணீர்விட்ட அந்த 1935-ல், நந்தனின் மக்களுக்குப் பெரிய கோயில்கள் மூடியே இருந்தன. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். அதே 1935 அக்டோபரில்தான் இயோலாவில் அம்பேத்கர், 'இந்துவாகச் சாகமாட்டேன்' என்று அறிவித்தார். கதவு திறக்கத் தீயில் இறங்கச் சொன்ன கதைக்கு அதுவே சரியான பதில்.

சுந்தராம்பாளின் பயணம் நீண்டது. 1953-ல் 'ஔவையார்', 1965-ல் 'திருவிளையாடல்', சட்டமன்ற மேலவை உறுப்பினர் பதவி, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார். இதற்கிடையே 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூடுதல் கூலி நெல் கேட்ட நம் மக்கள் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். அந்தத் தீயிலிருந்து யாரும் புனிதமாகி வெளியே வரவில்லை.

இதற்கு ஒரு பாடகியைக் குற்றம் சொல்ல முடியாது. ஏழைப் பெண்ணாகத் தொடங்கி, ஆண்கள் ஆண்ட மேடையில் தன் விலையைத் தானே சொன்னவர் அவர். அந்த வரலாறு நமக்கு வேண்டும். ஆனால் நந்தனின் வேடத்துக்கு லட்சம் கொடுத்த சமூகம், நந்தனின் பேரப்பிள்ளைகளுக்கு அரைப்படி நெல் கூடக் கொடுக்க மறுத்தது. தோழர்களே, அந்தக் குரலை ரசிக்கும்போது இந்தக் கணக்கையும் மறக்காதீர்கள்.