தட்டையான தோலும் வளைந்த பாதமும்!

உங்கள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, விரித்தால் போர்வை மாதிரி தட்டையாகத்தான் கிடக்கும். உங்கள் பாதமோ மேடும் பள்ளமும் வளைவுமாக இருக்கிறது. அந்தத் தோல் இந்த வளைவில் சுருக்கமே விழாமல் உட்கார்ந்தது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் பல காலம் இந்தக் கேள்விக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை. ஆவாரம் பட்டை போன்றவற்றில் ஊறிப் பதமான தோலுக்கு லண்டன் சந்தையில் அப்படியொரு கிராக்கி! 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்றே அதற்குப் பெயர். அது மெட்ராஸில் கப்பலேறும். மெருகேற்றி, வெட்டி, தைத்து ஷூவாக்கி லாபம் பார்ப்பதெல்லாம் அக்கரைச் சீமைக்காரர்கள்.

1972-ல் சீதாராமையா கமிட்டி இதைச் சுட்டிக்காட்டியது. அடுத்த வருஷமே அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் விழுந்தது. 'தோலாக விற்காதே, பொருளாக்கி விற்பனை செய்' என்பதுதான் அதன் சாரம். சொல்வது சுலபம்... பதனிட்டே பழகிய ஊர் திடீரென்று ஷூ வரைய எங்கே போகும்?

நல்லவேளை, சென்னையில் பள்ளிக்கூடங்கள் தயாராக இருந்தன. அடையாறில் 1948-ல் பிறந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இன்னொன்று.

காலணி வடிவமைப்பு படிக்கப் போனால் என்ன செய்யச் சொல்வார்கள் தெரியுமா? பாத வடிவில் ஒரு கட்டையைக் கையில் கொடுப்பார்கள். பெயர் 'லாஸ்ட்'. அதை மாஸ்க்கிங் டேப்பால் இடைவெளி இல்லாமல் மூடணும். முன்னும் பின்னும் நடுக்கோடு போட்டு, டேப் மேலேயே பென்சிலால் ஷூவை வரையணும். லேஸ் எங்கே முடியும்? கணுக்கால் எலும்பில் உரசாமல் இருக்க விளிம்பு எவ்வளவு உயரம்? எல்லாம் அங்கேயே முடிவாகணும்.

அப்புறம் நடுக்கோட்டில் பிளேடால் கீறி, டேப்பை உரித்து, அட்டையில் தட்டையாக ஒட்டணும். படிய மறுக்கும் இடத்தில் சின்னச் சின்ன வெட்டு. பாதத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் இரண்டுக்கும் சராசரி எடுக்கணும். மடிக்க, ஒட்ட, அடியில் இழுத்துப் பிடிக்க என்று ஓரங்களில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளணும். பிறகு துண்டு துண்டாகப் பிரித்தால், அதுதான் பேட்டர்ன். முதலில் மலிவான சரக்கில் தைத்து, கட்டையில் மாட்டிப் பார்த்து, திருத்திய பிறகே நல்ல தோலில் கத்தி!

ஏன் இவ்வளவு சுற்று? கணக்குப் போட்டுப் பாருங்கள். டேப்பில் தப்பு செய்தால் ரப்பர் போதும். அட்டையில் என்றால் ஓர் அட்டை வீண். தோலில் என்றால் காசு போச்சு. ஆயிரம் ஜோடி தைத்த பிறகு கண்டுபிடித்தால்? கன்டெய்னரே திரும்பி வரும்! தப்பை மலிவாக இருக்கும்போதே செய்துவிடு என்பதுதான் பாடம்.

ஆனால், கட்டைக்குப் பேச வராதே! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக டி.ஸ்கூலில் இதற்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். 'நல்ல பர்ஸ் ஒன்று வரை' என்பார்கள். வரைந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் பர்ஸில் என்னென்ன இருக்கிறது, எது அவருக்குத் தொல்லை என்று கேட்கச் சொல்வார்கள். கேட்டபின் மறுபடி வரைந்து, காகிதத்தில் செய்து, அவர் கையிலேயே கொடுக்கணும். முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம்!

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஷூ கம்பெனிகள் உலக பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கின்றன. தோலாகக் கப்பலேறிய சரக்கு ஷூவாகப் போவது பெரிய தூரம்தான். ஆனாலும், பெட்டியின் மேல் இருக்கிற பெயர் பெரும்பாலும் வேறு யாருடையதோ! அந்தப் பெயருக்கு உரியவர்தான், கட்டையில் முதல் கோட்டை எப்படிப் போடுவது என்பதையும் தீர்மானிக்கிறார்.

அந்தப் பென்சில் நம் பிள்ளைகள் கைக்கு வரணும். அதற்கான அரிச்சுவடிதான் ஒரு சுருள் டேப்பும் ஒரு கட்டையும்.