இலங்கையின் விமான சேவையும் அதன் பங்காளிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் சுதந்திரம் பெற்ற ஆசிய நாடுகள் பலவும் தமக்கெனக் கொடியையும் தேசிய கீதத்தையும் வகுத்துக்கொண்டமை போலவே விமான சேவை ஒன்றையும் நிறுவிக்கொண்டன. இலங்கையில் இம்முயற்சி சுதந்திரத்துக்குச் சற்று முன்னரே தொடங்கிவிட்டது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் 'சீதாதேவி' எனப் பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் ஒன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னையைச் சென்றடைந்தது. எயார் சிலோனின் முதற் சேவை இதுவேயாகும். நாடு சுதந்திரம் பெறுவதற்கு அன்று இன்னும் எட்டு வாரங்கள் இருந்தன.

அந்நாள் தொட்டு இற்றைவரையுள்ள வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். அவுஸ்திரேலிய, ஒல்லாந்த, பிரித்தானிய, பிரெஞ்சு, சிங்கப்பூர், துபாய் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்நாட்டு விமான சேவையின் பங்காளிகளாகவோ துணைவர்களாகவோ வந்து சென்றுள்ளன. பங்காளி மாறுந்தோறும் விமானங்களும் பெரும்பாலும் மாறின. இவ்விமானங்களைத் தெரிவுசெய்தவர் யாவர், எத்தேவையை முன்னிட்டுத் தெரிவுசெய்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், இத்தகைய கூட்டுகள் ஏன் தோன்றின என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1944 டிசம்பரிற் கைச்சாத்தான சிக்காகோ உடன்படிக்கை, ஒவ்வோர் அரசும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உடையது என்னும் கோட்பாட்டை உறுதிசெய்தது. இதன் விளைவாக, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமை, அவ்விரு அரசுகளும் தம்முட் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தாலேயே கிடைப்பதாயிற்று. ஆகவே சிறிய நாடொன்றிடம் விமானம் இல்லாதிருக்கலாம். விமானிகளும் பொறியியலாளரும் இல்லாதிருக்கலாம். ஆயினும் பறக்கும் உரிமை அதனிடம் இருந்தது. விமானம் உடையோர் அவ்வுரிமையை நாடி வந்தனர். உரிமை உடையோர் விமானத்தை நாடினர். எயார் சிலோனின் நெடுந்தூரச் சேவைகள் யாவும் இப்பண்டமாற்றின் மீதே எழுந்தன எனலாம்.

முதற் பங்காளியான அவுஸ்திரேலியன் நஷனல் எயார்வேஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அந்நாட்டு அரசாங்கம் 1947இல் குவாண்டாஸ் நிறுவனத்தைத் தன்னுடைமையாக்கி, வெளிநாட்டுச் சேவைகளை அதன் பொறுப்பிலேயே விட்டது. தனியார் நிறுவனமான அவுஸ்திரேலியன் நஷனல் எயார்வேஸ் தன் சொந்தக் கொடியின் கீழ் உலகப் பாதைகளிற் பறக்க வழியின்றி இருந்தது. 1949இல் அது எயார் சிலோனின் 49 வீதப் பங்கினைப் பெற்றது. எஞ்சிய 51 வீதம் இலங்கை அரசாங்கத்திடம் இருந்தது. நான்கு எந்திரங்களைக் கொண்ட டீ.சி.-4 விமானங்கள் இலங்கையின் பெயரைத் தாங்கி இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தன. கொழும்பு அப்பாதையின் நடுவே அமைந்தது இயல்பே. ஆயினும் அப்பாதையின் இரு அந்தங்களையும் விரும்பியவர் பங்காளியே என்பதை மறத்தலாகாது. அவருடைய ஆர்வம் குன்றியபோது சேவையும் நின்றது.

1956இல் ஒல்லாந்தின் கே.எல்.எம். நிறுவனம் அவ்விடத்துக்கு வந்தது. டீ.சி.-4 மறைந்து கொன்ஸ்ரலேசன் தோன்றியது. பின்னர் சுப்பர் கொன்ஸ்ரலேசனும், 1960இல் இலெக்ரா விமானமும் வந்தன. 1962இல் கே.எல்.எம். விலக, பிரித்தானிய பீ.ஓ.ஏ.சி. நிறுவனம் பங்காளியாயிற்று. அதனோடு கொமற் ஜெற் விமானமும், பின்னர் வீ.சி.10 விமானமும் வந்தன. 1972இல் பிரெஞ்சு யூ.ரீ.ஏ. நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டபோது டீ.சி.-8 விமானம் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத விமான வகைகள் பல எயார் சிலோனின் பெயரைத் தாங்கின. அவற்றுட் பெரும்பாலானவை வேறு நாட்டு நிறுவனங்கள் தம் பாதைகளுக்கெனத் தெரிவுசெய்தவையாகும்.

இதனால் விளைந்த இழப்பு கணக்கேட்டிற் காணக்கூடியதன்று. விமான சேவை நடத்துதல் என்பது அனுபவத்தின் திரட்சியாகும். விமானி ஒரு வகை விமானத்திற் பயிற்சி பெறப் பல மாதங்கள் செல்லும். பொறியியலாளர் அதன் எந்திரத்தின் இயல்புகளை அறிய ஆண்டுகள் செல்லும். உதிரிப்பாகங்களின் களஞ்சியம் ஒரு வகைக்கு உரியது. மற்றொரு வகைக்கு உதவாது. பத்தாண்டுக்குள் இரு முறை அடித்தளமே மாறுமாயின் தேர்ச்சி உள்நாட்டிற் சேர இடமில்லை. அது பங்காளியின் தொழிற்சாலையிலேயே சேர்கின்றது. பங்காளி விலகும்போது அவருடனேயே சென்றும் விடுகின்றது.

எயார் சிலோன் தன் சொந்தப் பொறுப்பில் விமானங்களை வாங்கிய சந்தர்ப்பங்களும் உண்டு. உள்நாட்டிற்கும் அண்டை நாடுகளுக்கும் உகந்த அவ்ரோ 748 விமானம் 1964இல் வாங்கப்பட்டது. இத்தெரிவிற் குறை காண்டல் அரிது. 1969இல் வாங்கப்பட்ட ரைடென்ற் 1ஈ விமானத்தின் கதை வேறு. அவ்வகையில் உலகெங்கும் பதினைந்து விமானங்களே செய்யப்பட்டன. எயார் சிலோன் வாங்கியது அவற்றுள் ஒன்று. ஒரே ஒரு விமானத்தை நம்பிப் பல நகரங்களுக்கு நேர அட்டவணை வகுக்கும் நிறுவனம், அவ்விமானம் பழுதுறும் நாளில் எல்லா நகரங்களிலும் ஒருங்கே தன் நம்பிக்கையை இழக்கும்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயனுடையதாகும். எயார் சிலோன் தோன்றிய அதே 1947ஆம் ஆண்டின் மே மாதத்திற் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு மலாயன் எயார்வேஸ் தன் சேவையைத் தொடங்கியது. அதற்கும் அந்நியப் பங்காளிகள் இருந்தனர், பீ.ஓ.ஏ.சி., குவாண்டாஸ் ஆகிய இரண்டும் அதிற் பங்குகளை வைத்திருந்தன. அந்நிறுவனத்தின் வழிவந்ததே 1972இல் உருவான சிங்கப்பூர் எயார்லைன்ஸ். ஏழு ஆண்டுகளின் பின், எயார் சிலோன் மூடப்பட்டு அதன் இடத்தில் எயார் லங்கா நிறுவப்பட்டபோது, முகாமை உதவியையும் இரு போயிங் 707 விமானங்களையும் வழங்கியது சிங்கப்பூர் எயார்லைன்ஸே. ஒரே ஆண்டிற் பிறந்த இருவருள் ஒருவர் மற்றவர்க்கு ஆசானாயினார். சிங்கப்பூரின் அமைவிடமும் வர்த்தகமும் இதற்கு உதவின என்பது மெய்யே. எனினும் பங்காளியை வைத்திருத்தல் மட்டுமே ஒரு சேவையைத் தாழ்த்துவதில்லை என்பதும் இதனாற் பெறப்படுகின்றது.

1979 செப்டெம்பர் 1ஆம் நாள் பறக்கத் தொடங்கிய எயார் லங்கா, விரைவில் லொக்ஹீட் ட்ரைஸ்ரார் விமானங்களை நாடியது. குத்தகைக்கும் இரண்டாங்கையாகவும் பெற்றவற்றுடன் அமையாது, நெடுந்தூரம் பறக்கவல்ல ட்ரைஸ்ரார் 500 வகையிற் புத்தம் புதிய விமானங்களுக்கும் கட்டளையிட்டது. அவை 1982இல் வந்து சேரத் தொடங்கின. ஆனால் லொக்ஹீட் நிறுவனமோ 1981 டிசம்பரிலேயே அவ்விமானத்தின் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. 250 விமானங்களோடு 1984இல் உற்பத்தி முற்றுப்பெற்றது. சிறந்த பொறியியற் படைப்பு ஒன்று சந்தையில் தோல்வியுற்ற வேளையில் அதனை வாங்கியோருள் எயார் லங்காவும் ஒன்றாயிற்று.

அடுத்த தெரிவு இதனினும் துணிகரமானது. 1984இலும் 1985இலும் குவாண்டாஸ் நிறுவனத்திடமிருந்து போயிங் 747 விமானங்கள் இரண்டு பெறப்பட்டன. 'விஜய மன்னன்', 'திஸ்ஸ மன்னன்' என அவை பெயர் பெற்றன. இவ்வளவு பெரிய விமானங்களை நிரப்ப உல்லாசப் பயணிகள் திரண்டு வருதல் வேண்டும். 1982இல் நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த உல்லாசப் பயணிகளின் தொகை, 1983 யூலை இனக்கலவரத்தின் பின் வீழ்ச்சியுறலாயிற்று. 1987இல் அது இரண்டு இலட்சத்துக்கும் கீழிறங்கியது. அவ்வாண்டளவில் 747 விமானங்களும் அகன்றன. கொழும்பின் வீதிகளில் எரிந்த கடைகளுக்கும் கட்டுநாயக்காவில் நின்ற வெற்று ஆசனங்களுக்கும் இடையே உள்ள தொடர்பை விமான சேவையின் வரலாற்றை எழுதுவோர் விட்டுவிட முடியாது. தன் குடிகளுள் ஒரு பகுதியினர்க்குப் பாதுகாப்பு அளிக்கவியலாத நாடு அந்நியரை விருந்துக்கு அழைத்தல் எங்ஙனம்? யுத்தத்தின் வடு விமானங்களையும் நேரே தாக்கியது. 1978 செப்டெம்பர் 7ஆம் நாள் இரத்மலானையில் அவ்ரோ விமானம் குண்டினால் அழிந்தது. 1986 மே 3ஆம் நாள் கட்டுநாயக்காவில் ட்ரைஸ்ரார் விமானத்தில் வெடித்த குண்டுக்கு 21 பேர் பலியாயினர். 2001 யூலை 24ஆம் நாள் விடுதலைப் புலிகளின் தாக்குதலில், நிறுவனத்தின் விமானங்களுள் ஏறத்தாழப் பாதி அழிந்தோ சேதமுற்றோ போயின.

அத்தாக்குதல் நிகழ்ந்த காலத்தில் முகாமை துபாயின் எமிரேற்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1998இல் அது 40 வீதப் பங்கினை ஏழு கோடி அமெரிக்க டொலருக்குப் பெற்று, பத்தாண்டுகளுக்கு முகாமைப் பொறுப்பை ஏற்றது. பின்னர் அதன் பங்கு 43 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. 1999இல் நிறுவனத்தின் பெயர் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என மாறியது. எமிரேற்ஸ் பறக்கத் தொடங்கியது 1985இலேயே. அதுவும் பாகிஸ்தான் இன்ரர்நஷனல் எயார்லைன்ஸிடம் பெற்ற குத்தகை விமானங்களைக் கொண்டேயாம். எயார் லங்காவிலும் ஆறு ஆண்டுகள் இளைய நிறுவனமொன்று பதின்மூன்று ஆண்டுகளில் அதனையே முகாமை செய்யும் நிலையை எய்தியது. இரவல் விமானத்தோடு தொடங்குதல் இழிவன்று. இரவற் காலத்திற் கற்றுக்கொள்ளாமையே கேடு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எமிரேற்ஸ் கூட்டின் முடிவு வர்த்தகக் காரணத்தால் மட்டும் நேர்ந்ததன்று. 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து திரும்பவிருந்த சனாதிபதியின் பரிவாரத்துக்கு ஆசனம் ஒதுக்குதல் தொடர்பாக எழுந்த பிணக்கை அடுத்து, பிரதம நிறைவேற்று அதிகாரியின் தொழில் விசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சில் முகாமை ஒப்பந்தம் முடிவுற்றது. 2010இல் அரசாங்கம் எமிரேற்ஸின் பங்குகளை ஐந்து கோடி முப்பது இலட்சம் டொலருக்கு மீட்டுக்கொண்டது. பின்வந்த ஆண்டுகளிற் பெரும்பாலானவை நட்டத்திலேயே கழிந்தன.

2013இல் ஆறு எயார்பஸ் ஏ330-300 விமானங்களுக்கும் நான்கு ஏ350-900 விமானங்களுக்கும் கட்டளையிடப்பட்டது. மேலும் சில ஏ350 விமானங்களைக் குத்தகைக்குப் பெறவும் ஒப்பந்தமாயிற்று. ஆட்சி மாறியபின் 2016இல் ஏ350 தெரிவு கைவிடப்பட்டது. பறவாத விமானங்களுக்காகக் குத்தகை நிறுவனத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்பது கோடி எண்பது இலட்சம் டொலர் இழப்பீடு செலுத்த நேர்ந்தது. 2020 சனவரியில் எயார்பஸ் நிறுவனம் பிரெஞ்சு, பிரித்தானிய, அமெரிக்க அதிகாரிகளுடன் 360 கோடி யூரோ செலுத்த உடன்பட்டபோது, பிரித்தானிய வழக்கில் அடங்கிய விடயங்களுள் ஸ்ரீலங்கன் கொள்வனவு தொடர்பான இலஞ்சத்தைத் தடுக்கத் தவறியமையும் ஒன்றாக இருந்தது. முன்னர் விமானத்தைத் தெரிவுசெய்தவர் பங்காளி. இப்போது பங்காளி இல்லை. ஆயினும் பாதையின் தேவையே தெரிவை நிருணயித்தது என்று எவராலும் துணிந்து கூறவியலாது.

இதற்கிடையில், 2014 மே 1ஆம் நாள் ஸ்ரீலங்கன், வன்வேள்ட் என்னும் சர்வதேசக் கூட்டணியில் இணைந்தது. இக்கூட்டு முன்னையவற்றினின்றும் வேறுபட்டது. இங்கு எவரும் பங்கு வாங்குவதில்லை; விமானம் தருவதுமில்லை. அங்கத்தவர் ஒருவர் மற்றவருடைய பாதைகளிற் பயணிகளைத் தொடர்ந்து அனுப்புவர். இதனாற் பாதைப் படம் விரியும். விமானத் தெரிவின் பொறுப்போ முற்றாக இந்நாட்டிடமே எஞ்சும். ஆகவே பழைய வினா கூட்டணியால் நீங்கவில்லை. அதற்கு விடையளிக்க வேண்டியவர் யாவர் என்பதே தெளிவாயிற்று.

தேசிய விமான சேவையின் வீழ்ச்சிக்கு அந்நியப் பங்காளியே காரணம் என்பர் சிலர். அரசுடைமையே காரணம் என்பர் வேறு சிலர். மேற்காட்டிய வரலாறு இவ்விரு கூற்றுக்கும் முழுமையாக இடந்தரவில்லை. பங்காளி இருந்தபோதும் நட்டம் வந்தது, இல்லாதபோதும் வந்தது. இரு நிலைகளுக்கும் பொதுவான குறை ஒன்றே: எப்பாதைக்கு, எத்தனை பயணிகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்னும் கணக்கு விமானத் தெரிவுக்கு முற்படாது பிற்பட்டமை.

எயார் சிலோனின் முதற் பாதை இதற்கு விலக்காக அமைந்தது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பறக்க மூன்று டக்கோட்டாக்கள் போதுமானவையாக இருந்தன. அப்பாதையில் மக்களும் இருந்தனர். யுத்தத்தால் நின்றுபோன பலாலி–சென்னைச் சேவை 2019 நவம்பரில் மீண்டும் தொடங்கியபோது, அதனை நடத்தியது இந்தியாவின் அலையன்ஸ் எயார். தன் கைக்கு எட்டிய பாதையை இழந்து, எட்டாத பாதைகளுக்கு விமானம் வாங்கிய சேவையின் வரலாற்றில் இச்செய்தி ஓர் அடிக்குறிப்பன்று. அதன் சாரமே இதுதான்.