முத்துப் பாரும் குத்தகைக் கம்பனியும்

நம் சங்கம் பிறப்பதற்கு முந்திய கதை இது. உப்புக்குளத்துக்குத் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறைக் கடலிலுள்ள முத்துச் சிப்பிப் பார்களை ஆராய 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னலும் வந்தார்கள். ஹோர்னல் இலங்கையிலேயே தங்கி அரசாங்கக் கடல் உயிரியலாளரானார்.

1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. மறு ஆண்டே லண்டன் கம்பனியொன்று, ஆண்டுக்கு 310,000 ரூபாவாக 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. அரச உத்தியோகத்தர் காத்த பார்கள் கம்பனியார் கைக்குப் போயின. 1907க்குப் பின் கம்பனிக்குக் குளிப்பே வாய்க்கவில்லை. தவணை முடியுமுன் கலைந்தது. மணலும் மீனும் இளஞ்சிப்பிகளை அழிக்கும் என்று ஹெர்ட்மனின் அறிக்கை முன்பே சொல்லியிருந்தது. ஹோர்னலோ பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறைக்குத் தலைவரானார்.

அரச அலுவலகத்திலும் கம்பனியிலும் பொறுப்பேற்றிருக்கும் சகோதரிகளே, கடல் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாது என்பதை நாம் மறவாதிருப்போம்.