முப்பது வருஷம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்த பாதிரியார்

ஆடி வெள்ளி என்றால் எங்கள் படவேட்டில் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகிற வண்டிகள் சந்தவாசல் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். போன ஆடியில் அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்தேன். அவர் வேட்டி, அந்த அம்மா நெற்றி நிறையக் குங்குமம். திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவர் மனைவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார், பிரெஞ்சு மொழியில். "இந்த மக்களுக்குக் கோபமே வராது, அதுதான் இவர்களுடைய ரகசியம்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, செருப்பு விடும் இடத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள், முசியே?" என்று பிரெஞ்சிலேயே கேட்டேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். ஆறு வருஷமாம். பிறகு வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் பேசினார். நம் கல்யாணங்கள், நம் பஸ், நம் அரசாங்கம், அமெரிக்கா, உக்ரைன் யுத்தம், ஐரோப்பா கெட்டுப்போனது என்று எதையும் விடவில்லை. பாதி சரியாக இருந்தது. மீதிப் பாதியை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். "ஏங்க, முட்டி வலின்னு நேத்துதான சொன்னீங்க" என்று வீட்டுக்காரி சத்தம் போட்டாள். தேடியது கிடைத்தது. அபே துபுவாவின் புத்தகத்திலிருந்து புதுவை ரொமேன் ரொலான் நூலகத்தில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்த பழைய நோட்டு.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் புதுவையில் பிரெஞ்சில் படித்து வளர்ந்தவன். செய்யாறு எங்கே உற்பத்தியாகிறது என்று தெரிவதற்கு முன் சேன் நதியின் உபநதிகளை வரிசையாக ஒப்பிப்பேன். குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இங்கே வந்து வாழைத்தோட்டம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் மலை, ஏரி, கமண்டல நதி எல்லாம் பாடமாயின. ஆகவே நம் ஊரைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியதை அவர் பாஷையிலேயே படிக்கிற வசதியும், அதை அப்படியே நம்பிவிடுகிற ஆபத்தும் இரண்டுமே எனக்கு இருந்தன.

துபுவாவை ஆங்கிலம் படித்தவர்கள் 'அபே டூபாய்' என்பார்கள். முழுப்பெயர் ழான் அந்த்துவான் துபுவா. தெற்கு பிரான்சில் அர்தேஷ் பகுதியில் 1766-இல் பிறந்தவர். 1792-இல் குருப்பட்டம் பெற்று அதே வருஷம் ஜூன் மாதம் கப்பல் ஏறினார். 1792 பிரான்சில் என்ன வருஷம் என்று எங்களுக்கு மனப்பாடம் செய்யவைத்தார்கள். மன்னராட்சி ஒழிந்த வருஷம். மறு வருஷம் ஜனவரியில் பதினாறாம் லூயியின் தலை போயிற்று. எத்தனையோ பாதிரிமார்களின் தலையும் போயிற்று. இவர் புதுச்சேரி வந்து சேர்ந்த கொஞ்ச காலத்தில், 1793 ஆகஸ்டில், புதுச்சேரியையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் ஏற்பட்ட சமாதானத்தையும் தாண்டி அது உருப்படியாகப் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது 1816-இல்தான். ஆக, பிரான்சும் இங்கிலாந்தும் உலகம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பிரெஞ்சுப் பாதிரியார் ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்த சீமையிலேயே உட்கார்ந்து ஊழியம் செய்தார்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு காலத்தில் வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட கிறிஸ்தவர்களைத் திரும்பச் சேர்க்க இவரை அங்கே அழைத்தார்கள். பிற்பாடு வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்த வெல்லெஸ்லி அப்போது அங்கே கர்னல். அவருடைய சிபாரிசு அது. அதன்பிறகு மைசூர்ச் சீமையே இவருடைய இடம். ஹாசன் பக்கம் சாத்தள்ளியில் ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்களைக் குடிவைத்து விவசாயம் பண்ணவைத்தார். பெரியம்மை வந்த காலத்தில் ஊர் ஊராகப் போய் அம்மை குத்த ஏற்பாடு செய்தார். ஜனங்கள் 'தொட்ட சுவாமி' என்று கூப்பிட்டார்கள்.

நம்மைப்போலவே உடுத்தி, நம்மைப்போலவே சாப்பிட்டு, யாருடைய பழக்கத்தைப் பார்த்தும் முகம் சுளிக்காமல் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1820-இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் சென்னையில் அவரை வரைந்தபோதும் தலைப்பாகையோடும் தாடியோடும்தான் உட்கார்ந்தார்.

இப்படி இருந்து எழுதியதுதான் 'இந்திய மக்களின் பழக்கங்கள், அமைப்புகள், சடங்குகள்' என்ற பெரிய புத்தகம். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அதன் கதையே ஒரு கோப்பின் கதை மாதிரித் தெரியும். 1806-இல் கையெழுத்துப் பிரதியை மைசூர் ரெசிடெண்ட் மார்க் வில்க்ஸிடம் கொடுத்தார். மறு வருஷம் சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்க் அதைக் கம்பெனிக்காக 2,000 வராகனுக்கு வாங்கினார். வராகன் மூன்றரை ரூபாய் என்றால் 7,000 ரூபாய். அந்தக் காலத்து 7,000! பிறகு 1815-இல் துபுவா, 'தப்புகள் இருக்கின்றன, திருத்தித் தருகிறேன்' என்று பிரதியைத் திரும்ப வாங்கித் திருத்திக் கொடுத்தார். அதற்குள் லண்டனில் திருத்தாத பிரதியை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1816-இல் அச்சடித்துவிட்டார்கள். திருத்திய பிரதி சென்னைக் கோட்டைப் பதிவேடுகளில் தூங்கியது. அதை எடுத்து பீச்சம் என்ற ஆங்கிலேயர் ஆக்ஸ்போர்டில் வெளியிட்டது 1897-இல். சரியான தாள் மேலே வர எண்பது வருஷம். நான் இதைவிடக் குறைவாகத் தாமதப்படுத்தியதற்கே மெமோ வாங்கியிருக்கிறேன்.

என்ன எழுதினார்? எதை எழுதவில்லை என்று கேட்க வேண்டும். தும்மினால் என்ன செய்வார்கள், உதடு படாமல் தண்ணீரை எப்படி அண்ணாந்து குடிப்பார்கள், எந்தக் கையால் எதைத் தொடக்கூடாது, எல்லாம். எனக்குப் பிடித்த இடம் கைக்குட்டை. துரைமார்கள் மூக்கைச் சிந்தித் துணியில் பிடித்து, அதைப் பொக்கிஷம் மாதிரி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதைப் பார்த்து நம் ஜனங்களுக்குக் குமட்டுகிறது என்று எழுதுகிறார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கைக்குட்டை கொண்டுவராதவனுக்கு முட்டி போடும் தண்டனை உண்டு. என் பாட்டி அந்தக் கைக்குட்டையை வீட்டுக்குள் விடமாட்டாள். 150 வருஷம் கழித்தும் அந்தச் சண்டை எங்கள் வீட்டில் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் சாதி விஷயத்துக்கு வந்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார். இந்தியச் சட்டம் செய்த வேலைகளிலேயே தலைசிறந்தது சாதிப் பிரிவினைதான், அது இல்லாவிட்டால் இந்தத் தேசம் காட்டுமிராண்டித்தனத்தில் விழுந்திருக்கும் என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்.

இதில் எனக்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. முப்பது வயதில், நாலு எழுத்து பிரெஞ்சு தெரிந்த திமிரில், ஆபீஸுக்கு வெளியே டீக்கடையில் நின்று இந்த வாதத்தை அப்படியே ஒப்பித்தேன். "நாமே நம்மைத் திட்டிக்கொள்கிறோம், ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா" என்று ஆரம்பித்தேன். என் பக்கத்து மேஜைக்காரர் அங்கே இருந்தார். சேரியில் பிறந்து, விளக்கு வெளிச்சம் இருந்த இடமெல்லாம் தேடிப் படித்து வந்தவர். டீயைக் கீழே வைத்துவிட்டு, "சார், அந்தச் சாமியார் எங்க தெருவுல எத்தனை நாள் தங்கிட்டு இதை எழுதினாரு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவர் என்னோடு பேசாமல் இருந்தார் என்றில்லை. பேசினார், ஆனால் டீக்கடைக்குச் சேர்ந்து போவது நின்றுபோயிற்று. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் போய், அவரும் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நோட்டைத் திரும்பப் புரட்டினால் நிறையத் தெரிகிறது. துபுவாவுக்கு விஷயம் சொன்னவர்களும் அவர் தேடிப் படித்த ஏடுகளும் பெரும்பாலும் பிராமணர்கள் வழியே வந்தவை. சேரி மக்கள் அடிமைகள் போல வதைபடுவதை அவரும் எழுதுகிறார், ஆனால் இரக்கத்தோடு அருவருப்பையும் கலந்து. இன்னொன்று, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது. மேலே இருந்தவனைக் கீழே இருந்தவன் இழுத்துப் போட்டுத் தலையை வெட்டிய தேசத்திலிருந்து வந்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒவ்வொருவனும் அவனவன் இடத்தில் அசையாமல் நிற்கிற ஊர் சொர்க்கமாகத் தெரிந்திருக்கும். அவர் எழுதியது மைசூரைப் பற்றி என்றாலும் பயந்தது பாரிஸை நினைத்து என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1980-களில் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து, துபுவாவின் புத்தகத்தில் பெரும்பகுதி கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் எழுதியதிலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டினார். கேர்தூ புதுச்சேரியில் 1779-இல் காலமானவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே 1767-இல் பாரிஸுக்கு எழுதியவர். முர் அம்மாவின் இரண்டு தொகுதிகளும் 1987-இல் வந்தன. 2,000 வராகன் வாங்கியது ஒருவர், எழுதியது இன்னொருவர். ஆபீஸில் நோட் எழுதியவன் ஒருவன், கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்கினவன் ஒருவன் என்று பார்த்துப் பழகிவிட்டதால் எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை. கேர்தூவுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

ஆனால் ஓரிடத்தை யாரும் துபுவாவிடமிருந்து பிடுங்க முடியாது. நெசவாளர்களைப் பற்றி அவர் எழுதியது. ஊர் திரும்புவதற்கு முன் நெசவு நடக்கும் சீமைகள் வழியாகப் போனாராம். தறிக்கூடங்கள் மூடிக் கிடந்தன, நெசவுச் சாதியார் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள், நூல் நூற்றுப் பிழைத்த விதவைகளுக்கு அந்தக் காசும் நின்றுபோயிற்று என்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: ஐரோப்பாவில் கண்டுபிடித்த இயந்திரங்கள். 1779-இல் இறந்த கேர்தூ இதைப் பார்த்திருக்க வழியே இல்லை. இது துபுவாவின் சொந்தக் கண். ஆங்கிலேய ஆட்சியைப் புகழ்ந்தவர், கம்பெனியின் பணத்தை வாங்கியவர், அப்படியும் இதை மறைக்கவில்லை. ஆரணி இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்தில் இன்று பட்டுத்தறியில் உட்காருகிற குடும்பங்களின் முன்னோர்களுக்கு அந்த வருஷங்களில் அடுப்பு எரிந்ததா என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

அரசியல் ஜோசியமும் சொன்னார். ஜனங்களின் மதப் பழக்கங்களில் சர்க்கார் கைவைத்தால் அன்றோடு அதன் ஆட்சி முடிந்தது என்று எச்சரித்தார். 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் விவகாரம் வெடித்தபோது அவர் உயிரோடு இல்லை.

எங்கள் அம்மன் கதையும் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியிருக்கிறது, துபுவாவுக்கு முன்பே. புதுச்சேரியில் கப்பல் துறை உத்தியோகத்தில் இருந்த சொன்னெரா 1782-இல் வெளியிட்ட யாத்திரைப் புத்தகத்தில், ஜமதக்னியின் மனைவி தலை வெட்டுண்டு, சேரிப் பெண்ணின் உடலோடு தலை சேர்ந்து எழுந்த கதை இருக்கிறது. அதை ஜெர்மன் மொழியில் படித்த மகாகவி கெத்தே, பல வருஷம் மனதில் போட்டு வைத்திருந்து 1824-இல் 'பறையர்' என்ற தலைப்பில் மூன்று கவிதைகளாக வெளியிட்டார். இங்கே சிரசைப் பிரதானமாக வைத்துக் கும்பிடுகிற நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வேப்பமரத்தடியில் அந்தத் தம்பதிக்குச் சொன்னேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

பக்கத்துத் திருவண்ணாமலைக்கு வந்து தங்கிய வெள்ளைக்காரர்களில் ஆர்தர் ஆஸ்பர்னும் ஒருவர். பாங்காக் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, யுத்தத்தில் ஜப்பானியர் கையில் சிறைப்பட்டு, 1945-இல் ரமணாசிரமத்தில் மனைவி மக்களோடு சேர்ந்தவர். 1964-இல் ஆசிரமப் பத்திரிகையைத் தொடங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

துபுவா 1823 ஜனவரியில் கப்பலேறினார். அதே வருஷம் லண்டனில் அவருடைய கடிதங்கள் அச்சாயின. இந்துக்களைக் கிறிஸ்தவர்களாக்குவது நடக்கிற காரியமில்லை என்பது அவற்றின் சாரம். இத்தனை வருஷத்தில் தான் சேர்த்தது 200 முதல் 300 பேர், அதிலும் மனப்பூர்வமாக நம்பி வந்தவர் ஒருவரையும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை, இதை வெட்கத்தோடு சொல்கிறேன் என்று எழுதினார். மற்ற மிஷனரிகள் பாய்ந்து பாய்ந்து மறுப்பு எழுதினார்கள். முப்பது வருஷ உத்தியோகம் முடிகிறபோது, 'என் வேலை பலிக்கவில்லை' என்று கைப்பட எழுதிக் கொடுத்த இன்னொரு ஆளை நான் கண்டதில்லை. நான் அப்படி எழுதவில்லை. வழியனுப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு வந்தேன்.

கம்பெனி அவருக்குப் பென்ஷன் கொடுத்தது. பாரிஸில் ரூ து பாக் தெருவில் உள்ள மிஷன் மடத்தில் தங்கி, கொஞ்ச காலம் அதற்கே தலைவராக இருந்தார். 1826-இல் பஞ்சதந்திரத்தையும், நம் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் பிரெஞ்சில் வெளியிட்டார். இத்தனை சண்டைக்கும் நடுவில் மட்டியும் மடையனும் ஆற்றைக் கடக்கிற கதையைப் பாரிஸ்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள். 1848 பிப்ரவரி 17 அன்று காலமானார். சரியாக ஒரு வாரத்தில் பாரிஸ் தெருக்களில் மறுபடி புரட்சி வெடித்து இன்னொரு ராஜா ஓடினார். அதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

வாழைத்தார் வெட்ட ஆள் வந்து நிற்கிறான். அடுத்த முறை சம்புவராயர் கோட்டை பற்றி எழுதுகிறேன்.