கோக கோலாவுக்கு அப்பால் ஜார்ஜ் பெர்னாண்டஸ்

ஜார்ஜ் பெர்னாண்டஸ் என்றதும் விலங்கு பூட்டிய கையை உயர்த்தி நிற்கும் அந்தப் புகைப்படம் நினைவுக்கு வரும். அடுத்து, கோக கோலாவை விரட்டியவர் என்ற பெயர். அவர் நடத்திய 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தையும், அவரைச் சிறையில் தள்ளிய பரோடா டைனமைட் வழக்கையும் சென்ற இதழில் பார்த்தோம். சிறையில் இருந்தபடியே முசாபர்பூரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றவர், 1977 ஜூலையில் மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் தொழில்துறைக்குப் பொறுப்பேற்றார். 1979 ஜூலையில் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளை ஒரு குளிர்பானத்தை வைத்து எடைபோடுவது பெரும் பிழை. அவர் காலத்துத் தொழில் கொள்கையை உரசிப் பார்க்கச் சரியான இடம் ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் கெலமங்கலம் போன்ற ஊர்தான்.

முதலில் அந்தக் குளிர்பானக் கதையை முடித்துவிடுவோம். அந்நியப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973-இல் இந்திரா காந்தி அரசு கொண்டுவந்தது. பெர்னாண்டஸ் அதை வளைந்து கொடுக்காமல் நடைமுறைப்படுத்தினார். கோக கோலா தன் கலவை ரகசியத்தை விட்டுத்தர மறுத்து வெளியேறியது, ஐ.பி.எம். 1978-இல் போனது. கோலாவுக்கு மாற்றாக மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் கலவையில் ‘77’ என்ற பானம் வந்தது, நிலைக்கவில்லை. 1993-இல் கோக கோலா திரும்பியும் வந்துவிட்டது. ஒரு அமைச்சரின் தடம் என்று சொல்ல இதில் அதிகம் மிச்சமில்லை.

தடம் இருப்பது 1977 டிசம்பர் 23-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தொழில் கொள்கை அறிக்கையில். 1971 கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரங்களிலும், ஐந்து லட்சத்தைத் தாண்டிய நகரங்களிலும் குறிப்பிட்ட எல்லைக்குள் புதிய தொழிற்சாலைக்கு லைசென்ஸ் கிடையாது என்றது அது. சிறுதொழிலுக்கென ஒதுக்கிய பொருள்கள் 180-இலிருந்து 504 ஆயின. ஐம்பதாயிரத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில், ஒரு லட்ச ரூபாய்க்குள் இயந்திரம் போட்டு நடத்தும் பட்டறைக்குக் ‘குறுந்தொழில்’ என்று தனி இடம் கிடைத்தது. கடன், மூலப்பொருள், அனுமதி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க மாவட்டத் தொழில் மையங்கள் 1978-இல் தொடங்கின. தேன்கனிக்கோட்டை வட்டத்தின் சிற்றூராக, அன்றைய தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த கெலமங்கலத்துக்கு இந்த விதிகள் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தின. பெங்களூர் பத்து லட்சத்தை எப்போதோ தாண்டியிருந்தது. அந்தக் கதவு ஒடுங்கும்போது மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நிலத்துக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை அதற்கு முன்பே, மாநில அரசின் முயற்சியில் எழுந்ததாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஓசூரை உருவாக்கியவர் பெர்னாண்டஸ் என்று நான் சொல்லவில்லை. 1980-இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். 50 மொபெட்டும், பிறகு டைட்டன் கடிகாரமும் இங்கே வந்ததற்கு மலிவான நிலம், பின்தங்கிய மாவட்டச் சலுகை, பெங்களூரின் அருகாமை எனப் பல காரணங்கள் உண்டு. பெருநகரத்தின் மீதே ஆலைகளைக் குவிக்காதே என்ற எண்ணத்தை மத்திய அரசின் லைசென்ஸ் விதியாகவே ஆக்கியது அவர் துறை. அந்த அளவு பெருமை அவருக்குச் சேரும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒதுக்கீடு சிறியவர்களைச் சிறியவர்களாகவே வைத்திருந்தது, தரம் வளரவில்லை என்கிறார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். இதில் பாதியை ஏற்கிறேன். பொருளை ஒதுக்கிய அரசு பணப்புழக்கத்தை உறுதி செய்யவில்லை. மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைக்கலாம், கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கி மேலாளர் கையில். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஆர்டரில் புஷ் கடைந்து தரும் லேத் பட்டறையைப் பாருங்கள். கம்பெனி அனுப்பிய இரும்புத் தடியைக் கடைந்து, பிசிறு தட்டி, வெர்னியரில் அளந்து, டிரேயில் அடுக்கி டெம்போவில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. கூலிக்காகக் காத்திருப்பது அதன்பின் தொடங்குகிறது. 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டம் எழுதவே 2006 ஆயிற்று. பட்டறை வளராததற்கு ஒதுக்கீட்டை மட்டும் குற்றம் சொன்னால் இந்தத் தாமதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பெர்னாண்டஸ் தன் கொள்கைக்கு முழுக்க உண்மையாக இருந்தாரா என்றால், இல்லை. சிறுதொழிலைப் பேசியவர் தன் தொகுதியான முசாபர்பூருக்குக் காண்டி அனல்மின் நிலையம் போன்ற பெரிய திட்டத்தைக் கொண்டுபோனார். அவர் பாதுகாப்பு அமைச்சராகப் பங்கேற்ற வாஜ்பாய் கூட்டணி அரசின் காலத்தில், ஆயத்த ஆடையும், 2001-இல் பொம்மை, தோல் பொருள்களும் ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து நீங்கின. கடைசியாக மிஞ்சிய 20 பொருள்கள் 2015-இல் போயின. அதற்குள் அவர் நினைவிழந்து படுக்கையில் கிடந்தார். ஆனாலும் 2002-இல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தையும் பாரத் பெட்ரோலியத்தையும் விற்கும் முயற்சி வந்தபோது, அமைச்சரவைக்குள்ளேயே எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். பழைய சோஷலிஸ்ட் ஏன் அந்தக் கூட்டணியில் இருந்தார் என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிடாது. 1994-இல் சமதா கட்சி பிறந்த கதையோடு அதை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)